பேண்டு வாத்தியம்: ஊதப் பிடித்தவையும் கேட்கப் பிடித்தவையும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்)



மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் ரோபோ, மின்சாரக் கார் என்று ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பேண்டு வாத்தியம் ஒன்றுதான். எனவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் அப்பா எங்கள் ஊர் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர். எட்டாம் வகுப்பிலிருந்து அவர் பக்கத்தில் நின்று நான் டிரம்பெட் ஊதுகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் கல்யாணம், மாரியம்மன் பண்டிகை, சாவு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் மூன்று வருட ஃபீஸில் பெரும்பகுதி இந்தக் குழலில் ஊதி வந்த காசு.

இதை முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலாண்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. சிவப்புக் கோட்டும் தொப்பியுமாக முன்வரிசையில் நிற்கிறேன். எதிரே கூட்டத்தில் என் வகுப்புத் தோழன்! தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆனாலும் பார்த்துவிட்டான். மறுநாள் நான் வகுப்பில் நுழைந்ததும் கடைசி பெஞ்சில் மேஜையைத் தட்டி, "சாவு மேளம் வந்துருச்சுடா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் வாத்தியத்தைத் தொடவில்லை. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிறுதோறும் டிரம்பெட்டைத் துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, ஆணியில் மாட்டி வைப்பார். அவ்வளவுதான்.

மறுபடி அதை எடுக்க வைத்தது நம் படிப்புதான்.

குழலுக்குள் ஒரு கணக்கு

டிரம்பெட்டில் உதடுதான் அதிர்கிறது. அந்த அதிர்வு குழலுக்குள் இருக்கும் காற்றை அதிர வைக்கிறது. குழல் நீளமானால் சுரம் இறங்கும். சுருட்டி வைத்திருக்கும் குழலை நீட்டிப் பார்த்தால் சாதாரண பி பிளாட் டிரம்பெட் ஏறத்தாழ 148 செ.மீ. வரும். மூன்று வால்வுகள் உண்டு. ஒன்றை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு சிறு குழலைச் சுற்றி வரும். நடு வால்வு அரைச் சுரம் இறக்கும். முதல் வால்வு ஒரு முழுச் சுரம். மூன்றாவது ஒன்றரைச் சுரம்.

ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் குழல் கிட்டத்தட்ட 6 சதவீதம் நீள வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் நடு வால்வுக் குழல் சுமார் 9 செ.மீ., முதலாவது 18 செ.மீ., மூன்றாவது 28 செ.மீ. ஒரு நாள் ராத்திரி நூல் விட்டு அளந்து பார்த்தேன். ஏறக்குறைய சரியாக இருந்தது!

இங்கேதான் ஒரு சிக்கல். முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் இரண்டரைச் சுரம் இறங்க வேண்டும். அதற்குக் கூடுதலாக வேண்டிய நீளம் கிட்டத்தட்ட 49.5 செ.மீ. ஆனால் 18-ம் 28-ம் சேர்ந்தால் 46-தான். மூன்றரை செ.மீ. குறைகிறது. அதனால் சுரம் கொஞ்சம் ஏறிப் பிசிறடிக்கும். இதைச் சரிசெய்யத்தான் மூன்றாவது வால்வின் குழலை வெளியே தள்ள விரலுக்கு ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் அப்பா, "அந்த எடத்துல வளையத்தைத் தள்ளு கண்ணு, இல்லாட்டி அழும்" என்பார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. காது சொல்லும், கை செய்யும். பள்ளிக்கூடம் போகாத மனிதர் மூன்றரை செ.மீ. பிழையைக் காதாலேயே பிடித்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரியே ஆணியிலிருந்து டிரம்பெட்டை எடுத்துவிட்டேன்.

ஊதப் பிடித்தவை

முதலில் சொல்ல வேண்டியது முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரப் பாடல்கள். 1835-இல் மறைந்த தீட்சிதர் இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தவர். அங்கே கம்பெனிக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல்கள் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' என்ற பாடலின் மெட்டு அப்படியே இங்கிலாந்து நாட்டின் தேசிய கீதத்து மெட்டு! எல்லாமே சங்கராபரணத்தின் ஏழு சுரத்துக்குள் அடங்கிவிடும். புதிதாகக் கற்பவனும் ஒரு மாதத்தில் ஊதலாம். அவ்வளவு பெரிய மேதை சிப்பாய்களின் பேண்டை மட்டமாக நினைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது 'இங்கிலீஷ் நோட்டு'. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்தது. மதுரை மணி அய்யர் கச்சேரிகளில் பாடிப் புகழ் பெற்றது. குதித்துக் குதித்து ஓடும் நடை. கிளாரினெட்டுக்கு இது அல்வா மாதிரி. அப்பா வாசிக்கும்போது டிரம்மர்கள் தானாகவே நிமிர்ந்து நிற்பார்கள்.

மூன்றாவது எங்கள் தொழிலுக்குச் சோறு போடும் சினிமாப் பாட்டு. பாசமலர் (1961) படத்துக் கல்யாணப் பாட்டை விஸ்வநாதன் ராமமூர்த்தி போட்டு அறுபது வருடம் தாண்டிவிட்டது. இன்றும் பெண் அழைப்பில் அதை எடுத்தால் வயதான அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் எதிரே நின்று பார்க்கிறேன். பெண்ணின் அம்மா அழுதால் அன்று நன்றாக ஊதினோம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு.

கேட்கப் பிடித்தவை

கைப்பேசி வந்த பிறகு வெளிநாட்டு பேண்டுகளையும் கேட்கிறேன். 'கர்னல் போகி' என்ற அணிவகுப்பு இசை 1914-இல் வந்தது. எழுதியவர் ரிக்கெட்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ பேண்டு மாஸ்டர். கோல்ஃப் ஆடும் ஒருவர் இரண்டே சுரத்தில் விசில் அடித்ததைக் கேட்டு அதிலிருந்து இதைக் கட்டினார் என்று சொல்வார்கள். ராணுவத்தில் இருப்பவர் வெளியில் தனியாகத் தொழில் செய்வதை அந்தக் காலத்தில் விரும்பமாட்டார்களாம். அதனால் ஆல்ஃபோர்டு என்ற புனைபெயரில் வெளியிட்டார். உலகமே விசிலடித்த மெட்டுக்குச் சொந்தக்காரர் பெயரை மறைத்துக்கொண்டார் என்று படித்தபோது எனக்கு என் தொப்பி ஞாபகம் வந்தது.

இந்த மெட்டு 1957-இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' ஆங்கிலப் படத்தில் இடம்பெற்றது. இலங்கையில் எடுத்த படம். சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளின் கதை. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். படத்தில் அவர்கள் கதை இல்லை. அந்த விசிலைக் கேட்கும்போது நான் அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று ஹோல்ஸ்ட் என்பவர் 1909-இல் பேண்டுக்கென்றே எழுதிய 'முதல் சூட்'. அவரும் டிராம்போன் ஊதிப் பிழைத்தவர். இதன் முதல் பகுதியில் தாழ்ந்த குரல் வாத்தியங்கள் ஒரு சிறு மெட்டைத் தொடங்கும். அதே மெட்டு ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாறி, பெருகிப் பெருகி, கடைசியில் மொத்த பேண்டும் சேர்ந்து முழங்கும். அப்பாவின் காதில் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சாமி கெளம்பி நாலு தெரு சுத்திக் கோயிலுக்கு வந்து சேர்ற மாதிரி இருக்குடா" என்றார். எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள்

இன்று நம் மாவட்டத்தில் பேண்டு செட்டுக்கு அழைப்பு குறைந்து வருகிறது. சிலர் செண்டை மேளம் வைக்கிறார்கள். சிலர் வண்டியில் பெட்டி கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் பெட்டிக்கு மூச்சு கிடையாது. எங்கள் செட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். இப்போது ஏழு பேர். நான் வேலைக்குப் போய்விட்டால் ஆறு.

"படிச்சா இவன் ஊத வேண்டியதில்லைன்னு நெனச்சேன்" என்று அப்பா போன மாதம் சொன்னார். "ஊதறதுக்கும் ஒரு படிப்பு இருக்குன்னு நீ சொல்லித்தான் தெரியுது." எனக்குப் பதில் வரவில்லை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விளையாட்டு விழாவில் நாட்டுப்பண்ணை ஒலிபெருக்கியில் போடுகிறோம். மொத்தமே 52 விநாடி. இந்த ஆண்டு அதை நம் மாணவர்களே வாசிக்கட்டும். ஒரு டிரம்பெட், ஒரு கிளாரினெட், ஒரு சைடு டிரம், ஒரு பேஸ் டிரம் போதும். வாத்தியங்களை எங்கள் செட்டில் வாடகை இல்லாமல் தரச் சம்மதித்திருக்கிறார்கள். முதலாண்டுத் தம்பிகள் மூன்று பேர் வந்தால் மாலை நேரத்தில் நான் கற்றுத் தருகிறேன். மேஜை தட்டத் தெரிந்தவர்களும் வரலாம். அவர்களுக்குத் தாளம் ஏற்கெனவே இருக்கிறது!

அன்றைக்கு நான் முன்வரிசையில் நிற்பேன். தொப்பி போடமாட்டேன்.