அனகாபுத்தூரிலிருந்து மதுரைக்கு மலிவாகப் பறக்க

மீனம்பாக்கம் விமான நிலையம் நமக்குப் பக்கம். பம்மல், பல்லாவரம் தாண்டினால் வந்துவிடும். அதனால் மற்றவர்கள் தயங்கும் விடிகாலை, இரவு விமானங்களையும் தைரியமாகப் பாருங்கள். கட்டணம் பெரும்பாலும் அப்போதுதான் இறங்கும்.

குடும்பத்தில் நான்கு பேர் என்றாலும் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுங்கள். குறைந்த விலையில் இரண்டே இருக்கை மிச்சமிருந்தால், நால்வருக்கும் சேர்த்து மேல்விலையைத்தான் காட்டும். இரண்டிரண்டாக எடுத்தால் பணம் மிஞ்சும். பலரும் இதைக் கவனிக்காமல் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு வருத்தம்தான்.

மதுரைக்கு விலை ஏறியிருந்தால் திருச்சி, தூத்துக்குடியையும் பாருங்கள். கைப்பை 7 கிலோவுக்குள் இருக்கட்டும். தீபாவளி, பொங்கலுக்குக் கடைசி நேரத்தில் விலை குறையும் என்று காத்திருக்கவே வேண்டாம். அதற்குப் பதில், தாம்பரத்தில் நின்று மதுரை வழியாகப் போகும் திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள்.