"ஹூஸ்": யாருடையது என்று காட்டும் ஆங்கிலச் சொல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு, நயினாதீவு வள்ளங்களுக்குக் காத்திருப்பவர்களின் கைகளில் காணி, வீட்டுப் பத்திரங்கள் அடங்கிய கோப்புகளைப் பார்க்கலாம். அவற்றுள் சில ஆங்கிலத்தில் இருக்கும். அந்தப் பத்திரங்களில் உரிமையாளர் யார் என்று காட்டும் ஒரு சிறு சொல்லை இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. சொல்லை அடையாளம் காணுங்கள்

"ஹூஸ்" என்ற சொல்லில் டபிள்யூ, எச், ஓ, எஸ், ஈ என்ற ஐந்து எழுத்துகள் உண்டு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

"ஃபமிலீஸ் ஹூஸ் ஹவுசஸ் வேர் டமேஜ்ட் மே அப்ளை."

பொருள்: வீடு சேதமடைந்த குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம்.

தமிழில் "வீடு சேதமடைந்த" என்பது முன்னே வருகிறது. "யாருடைய வீடு" என்று தனியாகச் சொல்வதில்லை, கேட்பவர் விளங்கிக்கொள்வார். ஆங்கிலத்தில் குடும்பம் முதலில் வருகிறது. அதன்பின் வரும் "ஹூஸ்", வீடு அந்தக் குடும்பத்துடையது என்று காட்டுகிறது.

விதி: "ஹூஸ்" என்பதற்கு முன்னால் இருப்பது உரிமையாளர். பின்னால் இருப்பது அவருடைய பொருள் அல்லது உறவு.

"விமன் ஹூஸ் ஹஸ்பண்ட்ஸ் ஆர் மிஸ்ஸிங்" என்றால் கணவர் காணாமற்போன பெண்கள். காணாமற்போனவர்கள் பெண்கள் அல்லர், அவர்களின் கணவர்மார்.

2. இரண்டு பேர் இருந்தால் கவனம்

"த டோட்டர் ஒஃப் த ஃபிஷர்மன் ஹூஸ் லாண்ட் இஸ் இன் புங்குடுதீவு."

காணி யாருடையது? மீனவருடையதா, மகளுடையதா? இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். தேசவழமையில் சீதனக் காணி பெண்ணின் தனிச் சொத்து. ஆகவே இது சிறிய பிழை அல்ல. காணி மகளுடையதென்றால் இப்படிப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்:

"த லாண்ட் பிலோங்ஸ் டு த டோட்டர். ஹேர் ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன்."

பொருள்: காணி மகளுக்குரியது. அவருடைய தந்தை ஒரு மீனவர்.

3. "தன்" என்பதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை

"அண்ணன் தம்பியிடம், தன் உறுதி தொலைந்துவிட்டதாகச் சொன்னார்." இங்கு உறுதி அண்ணனுடையது. "தன்" என்ற சொல் ஐயமில்லாமல் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இதையே சொல்லும்போது "ஹிஸ் டீட்" என்றுதான் வரும். "ஹிஸ்" அண்ணனையும் குறிக்கலாம், தம்பியையும் குறிக்கலாம். அதனால் "ஹிஸ்" வரும் இடத்தில் உரிமையாளரின் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

பயிற்சி

கீழுள்ள வாக்கியத்தில் உறுதி யாருடையது?

"த விடோ ஹூஸ் டீட் வொஸ் லொஸ்ட் லிவ்ஸ் வித் ஹேர் சன்."

விடை: விதவைத் தாயுடையது. "ஹூஸ்" என்பதற்கு முன்னால் அவர்தான் இருக்கிறார். மகன் அவரோடு வாழ்பவர் மட்டுமே.

கையொப்பமிடும் முன்

• ஆங்கிலப் பத்திரத்தை நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு தமிழில் சொல்லச் செய்யுங்கள்.
• "ஹூஸ்", "ஹிஸ்", "ஹேர்" வரும் ஒவ்வோர் இடத்திலும் "இது யாருடையது?" என்று கேளுங்கள்.
• பெயரும் தேசிய அடையாள அட்டை இலக்கமும் உரியவருடையவைதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.
• விளங்காத இடம் இருந்தால் கையொப்பமிட அவசரப்பட வேண்டாம்.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆங்கிலம் இணைப்பு மொழி. எனவே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள், தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டி வந்தால், காணி யாருடையது என்பது முதல் வரியிலேயே தெளிவாக இருக்கட்டும்.