மிரியில் ஓர் இரவு தங்குங்கள்

கேள்வி: சரவாக் போக பாஸ்போர்ட் வேண்டுமா? (சாஆ வாசகர்)

மலேசியருக்கு மைகார்டு போதும். குடிநுழைவு முகப்பில் கேட்பார்கள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு சரவாக், பாரியோவில் ஆசிரியை வேலை. செனாய் விமான நிலையத்திலிருந்து மிரி 1,180 கிலோமீட்டர், மிரியிலிருந்து பாரியோ 180. மொத்தம் மூன்று மணி நேரம்தான் என்கிறான் மகன். ஒரே நாளில் போய்ச் சேரலாமா? (ஒரு தாயார், லாபிஸ்)

அந்த நம்பிக்கையில் டிக்கெட் எடுக்காதீர்கள், அம்மா. தம்பி கணக்கில் எடுத்தது வானத்தில் பறக்கும் நேரத்தை மட்டும். லாபிஸிலிருந்து செனாய் போகும் நேரம், அங்கே காத்திருக்கும் நேரம், மிரியில் பெட்டி வந்து சேரும் நேரம் எல்லாம் எங்கே போயின? தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டு, அதுதான் பயண நேரம் என்று என்னிடம் வருபவர்கள் ஏராளம். மிரிக்குப் பெரிய விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம். பாரியோவுக்குத் தூரம் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஐம்பது நிமிடம் ஆகும். அது ட்வின் ஒட்டர், 19 இருக்கை விமானம். ஜெட் வேகத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வேகத்தைவிட மேகம்தான் பெரிய சிக்கல். பாரியோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில், மலை சூழ்ந்த மேட்டுநிலம். விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் காத்திருப்பார், இல்லையென்றால் பாதி வழியில் திரும்புவார். அவர் செய்வது சரி. அவரிடம் சண்டை போடாதீர்கள். மிரியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை விமானத்தில் அனுப்புங்கள். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே அங்கே இருக்கட்டும். சாலையும் உண்டு, ஆனால் மரக் கம்பெனிகள் போட்ட மண்சாலை, நான்கு சக்கர வண்டியில் ஒரு முழு நாள். தனியாகப் போகும் பெண்ணுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, எடை. பெட்டியை மட்டுமல்ல, கைப்பையோடு பயணியையும் தராசில் ஏற்றி நிறுத்துக் குறித்துக்கொள்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சின்ன விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பிரஷர் குக்கரையும் ஊறுகாய் ஜாடியையும் முன்கூட்டியே தபாலில் அனுப்புங்கள். அரிசி வேண்டவே வேண்டாம், பாரியோ அரிசிக்குப் பேர் போன ஊர். பயப்படாதீர்கள், நல்ல குளிர்ச்சியான இடம், மகளுக்குப் பிடித்துப்போகும்.

கேள்வி: கோலாலம்பூர்–திருச்சி டிக்கெட்டில் காலை 9.00 புறப்பாடு, 10.30 வருகை என்றிருக்கிறது. ஒன்றரை மணி நேரமா? (சிகாமட் வாசகர்)

நான்கு மணி நேரம், சுமார் 2,700 கிலோமீட்டர். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். அழைக்க வரும் மாமாவிடம் இந்திய நேரத்தையே சொல்லுங்கள். போன மாதமும் ஒரு குடும்பம் மலேசிய நேரத்தைச் சொல்லிவிட்டு வாசலில் ஆளில்லாமல் நின்றது.

கேள்வி: உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் எது? வரைபடத்தில் அடிக்கோலால் அளந்தால் விமானத் தூரம் சரியாக வருமா? (மாணவர், பெக்கோக்)

ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே: 2.7 கிலோமீட்டர், இரண்டு நிமிடம். அடிக்கோல் மிரிக்கு ஓரளவு சரிப்படும், நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். லாஸ் ஏஞ்சலஸுக்குச் சரிப்படாது. பள்ளியில் பூமி உருண்டை இருந்தால், கோலாலம்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பார், தம்பி. நூல் ஜப்பானை ஒட்டி வட பசிபிக் வழியாகப் போகும். அதுதான் குறைந்த தூரம்.