ஹாம் வானொலிக்கு லாக் மென்பொருள்: தேர்ந்தெடுக்கும் முறை

மொட்டைமாடியில் இழுத்துக் கட்டிய ஒரு டைபோல் ஆன்டெனா, அறைக்குள் ரிக் எனும் ஒரு வானொலிக் கருவி, பக்கத்தில் பிள்ளைகள் படித்து முடித்துப் போட்டுவைத்த மடிக்கணினி. தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளத்தில் ஒரு ஹாம் நிலையம் தொடங்க இவ்வளவு சாமான் போதும். உரிமமும், லாக் எனும் தொடர்புப் பதிவேடும் இதோடு சேர வேண்டும். யாரோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் தொடர்பு நடந்தது என்று குறித்து வைக்கும்படி 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளே சொல்கின்றன.

தொடக்கத்தில் நோட்டுப் புத்தகம் தாங்கும். தொடர்புகள் பெருகியதும் தேடுவதுதான் பெரும்பாடு. விருது கேட்கவும் தேட வேண்டும்: நூறு நாடுகளோடு பேசியவருக்கு டிஎக்ஸ்சிசி விருது உண்டு. அந்தக் கணக்கில் இந்தியாவும் அந்தமானும் லட்சத்தீவும் தனித்தனி. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்துக்காக பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தபோது, உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்தமானைப் பிடிக்கக் காத்துக் கிடந்தார்கள். டிசம்பர் 26 அன்று சுனாமி வந்ததும் அதே நிலையம் அவசரச் செய்திகளை அனுப்பும் வேலையில் இறங்கியது. அன்று அந்தமானைப் பிடித்தவரின் லாக்கில் உள்ள ஒற்றை வரி இன்றைக்கும் விருதுக் கணக்கில் செல்லும். மென்பொருளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. தேர்வு செய்யும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

முதல் படி, தன் பழக்கத்தைப் பார்ப்பது. சாயங்காலம் 7 மெகாஹெர்ட்ஸில் நண்பர்களோடு பேசுபவருக்கு எளிய லாக் போதும். போட்டிகளில் இறங்குபவருக்கு என்1எம்எம் லாகர் பிளஸ் பொருந்தும். விசைப்பலகையை விட்டுக் கை எடுக்காமல் வேகமாகப் பதியலாம், ஏற்கனவே பேசிய நிலையம் என்றால் உடனே காட்டிவிடும். ஆனால் அது போட்டிக்கென்றே எழுதப்பட்டது. ஆயுள் முழுக்க வைத்திருக்கும் லாக்கை வேறொன்றில் வைத்துக்கொள்வதே நல்லது. சிக்யூ உலகப் போட்டிகள் அக்டோபர், நவம்பர் கடைசி வார இறுதிகளில் வரும். விளாத்திகுளத்தின் கரிசல் காட்டுக்கு அது மழையும் இடியும் இறங்கும் பருவம். வானம் இருண்டால் மதிப்பெண்ணைப் பார்க்காமல் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்தது கணினி. விண்டோஸ் என்றால் லாக்4ஓஎம், டிஎக்ஸ்கீப்பர், லாகர்32 என்று இலவசமாகவே பல கிடைக்கின்றன. லினக்ஸில் சிக்யூஆர்லாக் இருக்கிறது. அதற்கு மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம் தேவை. அந்த வேலை மலைப்பாகத் தெரிந்தால் கியூலாக் பக்கம் போகலாம். மேக் வைத்திருப்பவருக்கு ரம்லாக் என்ஜி. உலாவியிலேயே திறக்கும் வேவ்லாக்கும் உண்டு. ஆனால் அதை ஒரு சர்வரில் நிறுவி யாராவது பராமரிக்க வேண்டும். வீட்டில் ஒரே கணினி, இணையமும் விட்டு விட்டு வரும் என்றால் கணினிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்தான் தோது.

மூன்றாவது படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. கரிசல் வீடுகளின் குலுக்கையில் தானியத்தைக் கொட்ட மேலே வாய் இருக்கும், எடுக்கக் கீழே துளை இருக்கும். லாக் மென்பொருளுக்கு அந்தக் கீழ்த்துளை அடிஃப் என்ற கோப்பு வடிவம். அழைப்புக்குறி, தேதி, நேரம், பேண்ட், முறை என ஒவ்வொன்றையும் தனிக் குறியிட்டு எழுதும் வெறும் எழுத்துக் கோப்பு அது. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். புது மென்பொருளில் சில தொடர்புகளைப் பதிந்து, அடிஃபாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் இறக்கிப் பார்க்க வேண்டும். சமிக்ஞை அறிக்கை, குறிப்பு, தொடர்பை உறுதி செய்யும் கார்டு வந்ததா என்ற விவரம் எல்லாம் சிந்தாமல் வந்து சேர்ந்தால் அந்த மென்பொருளை நம்பலாம். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தோற்றதைத் தள்ளிவிடலாம்.

இவ்வளவு கறாருக்குக் காரணம் உண்டு. ஹாம் ரேடியோ டீலக்ஸ் என்ற மென்பொருள் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தது. 2011இல் கைமாறிய பிறகு ஆறாம் பதிப்பிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. 2024 மே மாதம் அமெரிக்க ஹாம்களின் ஏஆர்ஆர்எல் அமைப்பின் கணினிகள் மீது இணையத் தாக்குதல் நடந்தது. உலக ஹாம்கள் தொடர்புகளை உறுதி செய்துகொள்ளும் அதன் எல்ஓடிடபிள்யூ சேவை ஜூலை 1 வரை முடங்கியிருந்தது. லாக்கைத் தன் கணினியில் வைத்திருந்தவர் பதறவில்லை. சேவை திரும்பியதும் ஏற்றிக்கொண்டார்.

நான்காவது, அமைப்புகளைச் சரியாகக் கொடுப்பது. நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில்தான் இருக்க வேண்டும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஜனவரி 10 அதிகாலை ஒரு மணிக்கு விளாத்திகுளத்தில் பேசியது லாக்கில் ஜனவரி 9, 19:30 என்று ஏற வேண்டும். நேரத்தோடு தேதியும் மாறும். எல்ஓடிடபிள்யூவில் இருவர் பதிந்த நேரமும் 30 நிமிடத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இந்திய நேரத்தில் எழுதிய லாக் அங்கே எவரோடும் பொருந்தாது.

இடக்குறியில் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. நிலையத்தின் இடத்தைக் குறிக்கும் மெய்டன்ஹெட் கட்டங்கள் தீர்க்கரேகையில் இரண்டு டிகிரி, அட்சரேகையில் ஒரு டிகிரி அளவு. 78 டிகிரி கிழக்குக் கோடு எட்டயபுரம் பக்கமாகப் போகிறது. அதனால் கோவில்பட்டி எம்ஜே89, விளாத்திகுளம் எம்ஜே99. கோவில்பட்டி நண்பரின் அமைப்பை அப்படியே நகலெடுத்தால் கட்டம் தப்பாகிவிடும். சிக்யூ மண்டலம் 22, ஐடியு மண்டலம் 41 என்பவை இரண்டு ஊருக்கும் ஒன்றே.

ஐந்தாவது, ரிக்கோடு இணைப்பது. யுஎஸ்பி கேபிள் வழியாக அலைவரிசையும் முறையும் தாமாகவே லாக்கில் விழுந்தால் எழுத்துப்பிழை குறையும். ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் தந்த எஃப்டி8 முறையில் 15 நொடிக்கு ஒரு முறை செய்தி மாறும். கையால் எழுதி மாளாது. பலர் முட்டி நிற்பதும் இங்கேதான். எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் ரிக்கின் காம் போர்ட்டைப் பிடித்திருக்கும்போது லாக் மென்பொருளும் அதே போர்ட்டைக் கேட்டால் கிடைக்காது. விண்டோஸில் ஆம்னிரிக் என்ற மென்பொருளை நடுவில் வைத்தால் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். தொடர்பு விவரத்தை டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் யுடிபி 2237 போர்ட் வழியாக லாக்குக்கு அனுப்பிவிடும். அது தனக்கென்றும் ஓர் அடிஃப் கோப்பு எழுதிக்கொண்டே இருப்பதால், இணைப்பு அறுந்த நாளின் தொடர்புகளை அதிலிருந்து மீட்கலாம். கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகினால் எஃப்டி8 தடுமாறும். உட்காருமுன் இணைய நேரத்தோடு சரிபார்க்க வேண்டும்.

கடைசியாகக் காப்புநகல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகல் இருக்கும் பென்டிரைவ் அதே மேசை இழுப்பறையில் கிடந்தால், வெள்ளத்தில் கணினியோடு அதுவும் போகும். பத்தாயிரம் தொடர்புகளின் அடிஃப் கோப்பும் சில எம்பிதான். தனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம், உறவுக்காரர் வீட்டில் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். எல்ஓடிடபிள்யூ பயன்படுத்துபவர் பதிவுகளைக் கையொப்பமிட உதவும் டிக்யூஎஸ்எல் சான்றிதழையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். கணினி பழுதானால் லாக் கைவசம் இருந்தாலும் சான்றிதழ் இல்லாமல் எதையும் கையொப்பமிட்டு ஏற்ற முடியாது. புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க நேரும்.