பக்கவாதம்: ஆறு மாதத்துக்குப் பின்னும் பயிற்சி வேண்டும்

வீட்டில் பக்கவாதம் வந்த பெரியவருக்கு, "ஆறு மாசம் ஆச்சு, இனிமே கை வராது" என்று பயிற்சியை விட்டுவிட்டீர்களா? விடாதீர்கள். முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அப்புறம் மெதுவாகும், நின்றுவிடாது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை மூளையின் நல்ல பகுதிகள் கற்றுக்கொள்ளும். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். கால் மணி நேரம் ஆகுதே என்று நீங்கள் ஓடிப்போய்ப் போட்டுவிடுவது பாசம்தான். ஆனால் கைக்கு அன்றைய பாடம் போச்சு.

எழுப்பும்போது வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இடுப்பைத் தாங்குங்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாதம் மறுபடியும் தாக்கலாம்.