மருத்துவக் கஞ்சாவும் மாநில அதிகாரமும்: வங்கத்தின் அனுபவம்

மருந்துக்காகக் கஞ்சா பயிரிட அனுமதிக்கலாமா என்னும் விவாதம் இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1996-ஆம் ஆண்டிலேயே இதனை அனுமதித்தது. நம் நாட்டுக்கு இக்கேள்வி புதியதன்று. இதற்கு நீண்ட நிர்வாக வரலாறு உண்டு. அதில் வங்கத்தின் பங்கு பெரிது.

கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷாக்னஸி, கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்தை வாதநோய், டெட்டனஸ், குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றுக்குக் கொடுத்துச் சோதித்து, 1839-இல் கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பிய மருத்துவம் இம்மருந்தைப் பெரிதும் அறிந்தது இதன் பின்னரே. (பிற்காலத்தில் இந்தியாவில் தந்தி அமைத்தவரும் இவரே.)

அக்கால வங்க அரசு கஞ்சாவை நிர்வகித்த முறை கவனத்திற்குரியது. ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா மாவட்டங்களை ஒட்டிய நவகாவ் வட்டாரத்தில் மட்டுமே சாகுபடிக்கு உரிமம் தரப்பட்டது. ஆண் செடிகளைக் கண்டறிந்து களைவதற்கெனப் 'போதார்' எனப்படும் தேர்ந்த ஆட்கள் இருந்தனர். அறுவடையான பயிர் 'சாத்தர்' என்னும் அடைத்த களத்துக்கு வந்து, பதப்படுத்தப்பட்டு, அரசின் மேற்பார்வையிலுள்ள கிடங்கில் சேரும். வரி செலுத்திய பின்னரே சரக்கு வெளியே செல்லும். 1893-94-இல் 1,193 சாட்சிகளை விசாரித்த இந்தியக் கஞ்சா ஆணைக்குழு, முழுத் தடை தேவையில்லை என்றும், உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துவதே ஏற்றது என்றும் முடிவு கூறியது. 1917-இல் நவகாவ் உழவர்கள் கூட்டுறவுச் சங்கமும் அமைத்தனர். 1947-இல் நவகாவ் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1909-ஆம் ஆண்டின் வங்கக் கலால் சட்டம் மேற்கு வங்கத்தில் தொடர்ந்தது. சாகுபடி வட்டாரமோ எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது.

1985-ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் கஞ்சாவை முற்றிலும் தடை செய்துவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. 8-ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு விலக்கு அளிக்கிறது. 10-ஆம் பிரிவு, கஞ்சாச் செடிச் சாகுபடியையும், சரஸ் நீங்கலான கஞ்சாப் பொருள்களையும் அனுமதித்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுக்கே தருகிறது. நார், விதை போன்ற தொழில் நோக்கங்களுக்கு உரியது 14-ஆம் பிரிவு. உத்தராகண்ட் மாநிலம் இத்துறையில் முன்சென்றுள்ளது. ஆனால் தொழிற்பயிரும் மருந்துப் பயிரும் ஒன்றல்ல. உரிமமின்றிப் பயிரிட்டாலோ பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில் வாழும் ஒரு புற்றுநோயாளியை எண்ணிப் பார்ப்போம். அவர் வலிக்கு மருத்துவர் மார்ஃபின் எழுதித் தரலாம். கஞ்சா சேர்ந்த ஆயுர்வேத மருந்தையும் மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ளலாம். பூ நீங்கலான தனி இலை, அதாவது பாங்கு, மத்தியச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வருவதில்லை. பூவிலிருந்து எடுக்கும் மருந்துக்கோ மூலப்பொருள் சட்டப்படி கிடைக்க மாநிலத்தின் உரிமம் வேண்டும்.

சட்டத்தில் இடமிருந்தால் மட்டும் மருந்து நோயாளியைச் சென்றடையாது. மார்ஃபினுக்கு 1985-க்குப் பின் நேர்ந்தது இதுவே. மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் அதனை வைத்திருக்கவே தயங்கின. 2014-ஆம் ஆண்டின் திருத்தமே விதிகளை நாடெங்கும் ஒருமைப்படுத்தியது. அத்தியாவசியப் போதைமருந்துகளாக 2015-இல் அறிவிக்கப்பட்ட ஆறனுள் கஞ்சா இல்லை.

இதன் மருத்துவப் பயன் குறித்து மிகைப்படுத்தவும் வேண்டுவதில்லை. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கன்னபிடியால் மருந்தை அமெரிக்கா 2018-இல் ஏற்றது. வேறு பல நோய்களுக்குச் சான்று இன்னும் குறைவே. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. முதற்பட்டியலில் அது நீடிக்கிறது.

பொருளாதார நோக்கில் பார்த்தால் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. நவகாவின் காவலுக்கும் கிடங்குக்கும் ஆன செலவைத் தாங்கியது புகைப்போர் செலுத்திய வரி. மருந்துக்கு மட்டும் எனில் அளவு மிகச் சிறிது. வேலி, காவல், ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் செலவோ குறையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே பயிரிட்டால் அச்சுமை நோயாளி கொடுக்கும் விலையில் ஏறும், அல்லது கருவூலத்தில் விழும். அபினிக்கு காஸிப்பூர், நீமச் ஆகிய இரு அரசுத் தொழிற்சாலைகள் பயன்படுவதைப் போல, ஜம்முவில் ஆராய்ச்சிக்காகக் கஞ்சா வளர்க்கும் மத்திய அறிவியல் நிறுவனத்தை ஒத்த ஓரிரு மையங்களில் பயிரிட்டு, மாநிலங்கள் 10-ஆம் பிரிவின்கீழ் மருந்தை வாங்கவும் வைத்திருக்கவும் ஒரே உரிமம் வழங்கலாம். மேற்கு வங்கத்தில் அந்த உரிமத்தைக் கலால் துறை வழங்குமா, சுகாதாரத் துறை வழங்குமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.