போதையும் மூளையின் நினைவும்

போதையை விட முடியாதவனை மன உறுதியற்றவன் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். உளவியல் வகுப்பில் பாவ்லவின் நாயைப் பற்றிப் படித்தபோது, அம்முடிவு சரிதானா என்னும் ஐயம் எனக்கு எழுந்தது. மணியோசை கேட்டதும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறியது. அதற்காக நாயின் மன உறுதியை எவரும் குறை கூறுவதில்லையே!

அபினிலிருந்து மார்ஃபினும், மார்ஃபினிலிருந்து ஹெராயினும் கிடைக்கின்றன. இவை சென்று பொருந்தும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973இல் காண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் காட்டினர். மருந்து அங்கே பொருந்தியதும் டோபமின் பெருகுகிறது. அவ்வேளையில் கண்ட இடம், ஊசி, உடனிருந்த தோழர் முகம் ஆகியவற்றை மூளை அந்த இன்பத்தோடு முடிச்சுப் போட்டு வைக்கிறது. நாய்க்கு மணி எப்படியோ, இவனுக்கு அவை அப்படி.

அமெரிக்காவில் லெக்சிங்டன் நகர மருத்துவமனையில் போதை நோயாளிகளை ஆராய்ந்த ஆபிரகாம் விக்லர், 1948இல் வியப்பான செய்தி ஒன்றை எழுதினார். பல மாதங்களாகப் போதையைத் தொடாதவர்களும், பேச்சு அதன் பக்கம் திரும்பியதும் கொட்டாவி விட்டனர். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. மருந்தை நிறுத்திய முதல் நாள்களில் தோன்றும் அதே துன்பம்! உடலில் மருந்து இல்லை, நினைவு இருந்தது.

இன்று மூளையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். ஊசியின் படத்தைக் கண்டதுமே இன்பத்தையும் உணர்ச்சியையும் சார்ந்த பகுதிகள் கிளர்ச்சியடைகின்றன. ‘வேண்டாம்’ என்று தடுக்கும் முன்மூளைப் புறணிக்கும் அப்பகுதிகளுக்கும் உள்ள இணைப்பிலும் மாறுதல்கள் காணப்படுகின்றன. குதிரை மிரளும் நேரத்தில் கடிவாளம் கைக்கு எட்டுவதில்லை.

சூழல் மாறினால் என்ன ஆகும்? வியட்நாமிலிருந்து 1971இல் நாடு திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். போர்முனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் போதைக்கு அடிமையாகியிருந்தனர். அவர்களுள் தாயகம் வந்த முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 விழுக்காட்டினரே. இதற்குக் காரணங்கள் பல. பழைய தூண்டல்கள் கண்முன் இல்லாமையும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆனால், சிகிச்சை முடிந்து வருபவன் பெரும்பாலும் தன் பழைய தெருவுக்கே திரும்புகிறான். இடைக்காலத்தில் அவன் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் மூச்சு அடங்கி உயிர் போகலாம். ஆகவே அறிவுரை மட்டும் போதாது. மெதடோன், புப்ரினார்ஃபின் போன்ற மருந்துகளும், தூண்டல்களை எதிர்கொள்ளும் பயிற்சியும், வெறுத்து ஒதுக்காத சுற்றமும் வேண்டும் என்பதே நான் கற்ற பாடம். அவனைக் குற்றவாளியாகப் பாராமல் நோயாளியாகப் பார்ப்போமாக!